டர்பன் சுற்றிப் பார்க்க: காலையில் கடல், பத்து மணிக்கு மேல் ஊர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வரும் தமிழர்கள் பெரும்பாலும் கடற்கரைச் சாலையில் அறை எடுக்கிறார்கள். இரண்டு நாள் மணலில் கழியும், ஒரு நாள் உஷாக்கா என்னும் கடல் கேளிக்கைப் பூங்காவில் போகும், மறுநாள் விமானம். கடல் நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் 1860-க்கும் 1911-க்கும் இடையில் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கும் இந்தப் பகுதிக்கு, கப்பலேறிய ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அவர்கள் விட்டுச் சென்ற எதுவும் அந்த மணலில் இருந்து பார்த்தால் தெரியாது. கரையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குள், உள்ளே இருக்கிறது எல்லாம்.

இரண்டையும் பார்க்கக் கணக்கு ஒன்றுதான். ஊர் கிழக்கைப் பார்த்த கரை. காலையில் கடல் அமைதியாக இருக்கும், பகல் ஏற ஏறக் காற்று கிளம்பிவிடும். கடைகளும் அருங்காட்சியகங்களும் எட்டு, ஒன்பது மணிக்கு மேல்தான் திறக்கும். ஆகவே விடிந்ததும் கடலுக்குப் போய்விட்டு, பத்து மணிக்கு மேல் ஊருக்குள் நுழையுங்கள். மாலை வெளிச்சம் இருக்கும்போதே அறைக்குத் திரும்பிவிட வேண்டும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். ஜூனில் ஏழுக்குச் சற்று முன்னால்தான் உதிக்கும், ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும். குளிர்காலத்தில் வருபவர்கள் இதை மறந்துவிட்டு, மாலை ஐந்தரைக்கு முன்பின் தெரியாத தெருவில் நிற்பதுண்டு.

எந்த மாதம் வருவது? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, வெயில் மிதம். அகுல்யாஸ் என்னும் வெப்ப நீரோட்டம் கரையோரமாக ஓடுவதால் அப்போதும் கடல் நீர் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. டிசம்பர் 16 முதல் ஜனவரி முதல் வாரம் வரை ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கூட்டம் முழுக்க இங்கேதான். புத்தாண்டு அன்று மணல் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகள் தொலைந்தால் கண்டுபிடிக்க நகராட்சி ஆட்கள் கையில் பட்டை கட்டிவிடுவார்கள், வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

கடற்கரை

தெற்கே துறைமுக வாயிலில் தொடங்கி, வடக்கே உம்கேனி ஆறு கடலில் கலக்கும் புளூ லகூன் வரை சுமார் எட்டு கிலோமீட்டர் நடைபாதை. முழுவதையும் நடக்கலாம், வாடகைக்கு மிதிவண்டியும் கிடைக்கும். தெற்கு முனையிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே கப்பல்கள் கரைக்கு மிக அருகில், நடைபாதையை ஒட்டியே உள்ளே நுழைவதைப் பார்க்கலாம். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று வந்து சேர்ந்தது இந்தத் துறைமுகத்துக்குத்தான்.

எல்லாக் கரையும் ஒன்றல்ல. உஷாக்கா, அடிங்டன் பக்கம் அலை சற்று அடங்கியிருக்கும். குழந்தைகளோடு வருபவர்களும் அலைச்சறுக்குப் பழகுபவர்களும் அங்கே போகலாம். நார்த் பீச், பே ஆஃப் பிளென்ட்டி இரண்டும் தேர்ந்த அலைச்சறுக்குக்காரர்கள் இடம். குளிப்பவர்கள் அவர்களுக்குக் குறுக்கே போனால் பலகை மண்டையில் படும். புளூ லகூன் மாலையில் இந்தியக் குடும்பங்கள் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்து சாப்பிடும் இடம், அதற்கு மட்டும் போங்கள். ஆற்று முகத்துவாரத்தில் இறங்கவே கூடாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமானதிலிருந்து கரைகள் மூடுவதும் திறப்பதுமாக இருந்தன. மழை பெய்த மறுநாள்களில் நீர் பழுப்பாக இருந்தால் எந்தக் கரையிலும் குளிக்க வேண்டாம். நீரின் தரத்தைச் சோதித்து எந்தக் கரை திறந்திருக்கிறது என்று நகராட்சி அறிவிக்கும், காலையில் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

குளிக்கும்போது கவனிக்க வேண்டியவை: சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். சிவப்புக் கொடி மட்டும் பறந்தால் கடல் மூடியிருக்கிறது என்று பொருள். கடலுக்குள் நீளும் பாலங்களின் ஓரத்தில் நிற்காதீர்கள். அலையோடு கரைக்கு வந்த நீர் அந்தப் பாலத்தை ஒட்டித்தான் திரும்ப ஓடும், ஆளையும் சேர்த்து இழுக்கும். இழுபட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டு மூச்சிழப்பதுதான் உயிரை எடுக்கிறது. மிதந்தபடி கையை உயர்த்துங்கள், இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். மெரினாவில் கணுக்கால் நனைத்துப் பழகியவர்களுக்கு இங்கே இடுப்பளவு நீரே அதிகம். சேலையோடும் வேட்டியோடும் இறங்குவது இன்னும் மோசம், ஈரத்துணி காலைக் கட்டிவிடும்.

வடகிழக்குக் காற்று தொடர்ந்து வீசினால் புளூபாட்டில் என்று இங்கே சொல்லும் நீலச் சொறிமீன்கள் ஒதுங்கும். மணலில் நீல பலூன் போலக் கிடப்பதைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், செத்துக் கிடந்தாலும் கொட்டும். கொட்டினால் கடல் நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை வெறுங்கையால் தொடாமல் எடுத்துவிட்டு, பொறுக்கும் அளவு வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். தேய்க்கக் கூடாது. மூச்சுத் திணறினால் உடனே உயிர்காப்போரிடம் ஓடுங்கள்.

சுறாவைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 1952-லேயே டர்பனில் வலை போட்டாயிற்று, அதைக் கவனிக்கும் வாரியம் 1964-இல் வந்தது. ஒவ்வொரு வலையும் 214 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம். அங்கே கடலோ 10 முதல் 14 மீட்டர் ஆழம். அதாவது இது சுவர் கிடையாது. அடியிலும் பக்கத்திலும் சுறா வந்து போகலாம். சுற்றித் திரியும் சுறாக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வலையின் வேலை. ஜூன், ஜூலையில் சாளைக் கூட்டம் வடக்கே ஏறி வரும்போது பின்னாலேயே சுறாவும் திமிங்கிலமும் வரும் என்பதால் வலைகளை எடுத்துவிடுவார்கள். வலை இல்லாத இடத்தில் அன்றைக்குக் குளிக்கவும் தடை போடுவார்கள். குளிக்க முடியவில்லையே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அந்த நாள்களில் கரைவலை இழுப்பதைப் பார்ப்பது எந்தக் கட்டணக் காட்சியையும்விட மேல். ஒப்பந்தம் முடிந்த தமிழர்கள் சிலர் சாலிஸ்பரித் தீவிலும் துறைமுகக் கரையிலும் குடியேறிக் கரைவலைத் தொழில் செய்தார்கள். இன்றும் சாளை பிடிப்பவர்களில் அவர்கள் வழிவந்தவர்கள் உண்டு. சுறா வாரியத்தின் அலுவலகம் வடக்கே உம்ஷ்லாங்காவில். அங்கே சுறாவை அறுத்துக் காட்டி விளக்கும் நிகழ்ச்சி எல்லா நாளும் கிடையாது, முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். வயிறு குமட்டுகிறவர்கள் முன் வரிசையில் உட்கார வேண்டாம்.

உஷாக்கா 2004-இல் திறந்தது. மீன்காட்சியகத்தைப் பழைய கப்பல் ஒன்றின் சிதைவுக்குள் அமைத்தது போலக் கட்டியிருக்கிறார்கள், அது மட்டுமே அரை நாள். பள்ளி விடுமுறை இல்லாத மாதங்களில் நீர்ச்சறுக்குப் பகுதி வாரம் முழுவதும் திறந்திருக்காது. இரண்டுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்குமுன் அதைக் கேளுங்கள்.

நடைபாதையில் கொம்பும் மணியும் வைத்த பெரிய தலைப்பாகையோடு ரிக்‌ஷாக்காரர்கள் நிற்பார்கள். சவாரிக்கு எவ்வளவு, படம் எடுத்தால் எவ்வளவு என்று இரண்டையும் ஏறுமுன் பேசிவிடுங்கள், படத்துக்குத் தனிக் காசு. ரிக்‌ஷாவை 1892-இல் இங்கே கொண்டுவந்தவர் மார்ஷல் கேம்பல் என்னும் சர்க்கரை முதலாளி. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், வடக்கே மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயிலுக்குப் போகும்போது தேவைப்படும்.

1989 வரை இந்தக் கரைகள் இன வாரியாகப் பிரிந்திருந்தன. ஊர் நடுவே, ஓட்டல்களுக்கு முன்னால் இருந்த நல்ல மணலெல்லாம் வெள்ளையருக்கு. இந்தியர்களுக்கு வடக்கே தள்ளி ஒதுக்கினார்கள். இந்தக் குளிக்கும் பகுதி வெள்ளை இனத்தவருக்கு மட்டும் என்று ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ், ஜூலு மூன்றிலும் எழுதிய பலகைகள் நின்ற இடத்தில்தான் இன்று எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள்.

தெருப் பெயர் குழப்பம்

ஊருக்குள் போகுமுன் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் அலைச்சல்தான். பல தெருக்களுக்குப் பெயர் மாறிவிட்டது. கைப்பேசி வரைபடம் புதுப்பெயர் காட்டும், வழி கேட்டால் ஊர்க்காரர் பழைய பெயர் சொல்வார். கிரே ஸ்ட்ரீட் இப்போது டாக்டர் யூசுப் டாடூ ஸ்ட்ரீட். விக்டோரியா ஸ்ட்ரீட் பெர்த்தா ம்கீஸே ஸ்ட்ரீட் ஆகிவிட்டது. வெஸ்ட் ஸ்ட்ரீட்டைத் தேடினால் டாக்டர் பிக்ஸ்லி காசெமே ஸ்ட்ரீட் என்று வரும். பாயிண்ட் ரோடு மகாத்மா காந்தி ரோடு. பைன் ஸ்ட்ரீட் மான்ட்டி நாயக்கர் ரோடு, பிரின்ஸ் எட்வர்ட் ஸ்ட்ரீட் டாக்டர் கூனம் ஸ்ட்ரீட். இந்த இருவரும் இங்கே பிறந்து எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பி, நிறவெறிச் சட்டங்களை எதிர்த்துச் சிறை சென்ற தமிழர்கள். இரண்டு பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்சி ஓட்டுநரிடம் பழைய பெயர், செயலியில் புதுப்பெயர்.

கிரே ஸ்ட்ரீட்டும் வார்விக்கும்

இதற்கு ஒரு வாரநாள் காலை. ஞாயிறு பல கடைகள் அடைப்பு. வெள்ளி நண்பகல் தொழுகைக்காகக் கடைகள் மூடும், ஜும்மா பள்ளிவாசலிலும் வெளியார் நுழைய அது நேரம் கிடையாது. செவ்வாய் முதல் வியாழன் வரை ஏற்ற நாள்கள். பள்ளிவாசல் 1880-களில் தொடங்கிப் படிப்படியாக வளர்ந்தது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், பெண்கள் தலைக்கு ஒரு துணி எடுத்துச் செல்லுங்கள். அதை ஒட்டிய மதரஸா ஆர்கேட் சந்துக்குள் நுழைந்தால் பழைய டர்பனின் சாயல் கொஞ்சம் கிடைக்கும்.

விக்டோரியா ஸ்ட்ரீட் சந்தை 1973-இல் தீயில் போனது. இப்போதிருப்பது பிறகு எழுப்பிய கட்டடம். கடைக்குக் கடை குன்று குன்றாக மசாலாப் பொடி குவித்து, ‘மாமியார் ஒழிப்பான்’ என்ற பொருளில் ஆங்கிலப் பெயர்ப்பலகை செருகியிருப்பார்கள். அது சுற்றுலாப் பயணிக்கான வேடிக்கை. சமைக்க வாங்குவதானால் திறந்து கிடக்கும் குவியலை விட்டுவிட்டு, கேட்டதும் எதிரிலேயே கலந்து தருகிற கடையைப் பாருங்கள். டர்பன் மசாலாவில் மிளகாய் தூக்கல், நம் கறிமசால் அளவுக்குப் போட்டால் நாக்கு எரியும். பாதியில் தொடங்குங்கள்.

அங்கிருந்து நடை தூரத்தில் வார்விக் சந்திப்பு. பேருந்து, மினிபஸ் டாக்சி, ரயில் எல்லாம் கூடும் இடம், அதைச் சுற்றி ஒன்பது சந்தைகள். மூலிகை வைத்தியச் சந்தை மேம்பாலத்தின் மேலேயே நடக்கிறது. மாட்டுத்தலை வேகவைத்து விற்பவர்களுக்குத் தனி இடம். தமிழர்கள் பார்க்க வேண்டியது அதிகாலைச் சந்தை. 1910 முதல் கணக்கிடும் சந்தை இது. ஒப்பந்தம் முடிந்து காய்கறி பயிரிட்ட இந்தியர்கள் விளைச்சலைக் கொண்டுவந்து விற்றதில் தொடங்கியது. இதை இடித்து வணிக வளாகம் கட்டும் திட்டம் 2009-இல் வந்தபோது வியாபாரிகள் எதிர்த்து நின்று காப்பாற்றினார்கள். முருங்கைக்காய், கறிவேப்பிலை, சுரைக்காய் எல்லாம் கிடைக்கும். அமடும்பி என்று குவித்து வைத்திருப்பது நம் சேப்பங்கிழங்கேதான். பத்து மணிக் கணக்கு இந்தச் சந்தைக்குப் பொருந்தாது, அன்றைக்குக் கடலை விட்டுவிட்டுக் காலை ஏழிலிருந்து பத்துக்குள் போங்கள். வார்விக்குக்கு மட்டும் வழிகாட்டியோடு போவதுதான் சரி. திருட்டுப் பயம் ஒரு காரணம், யாரைப் படம் எடுக்கலாம், யாரைக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும் என்பது இன்னொன்று. மூலிகைக்காரர்கள் படம் எடுப்பதை விரும்ப மாட்டார்கள்.

பகல் சாப்பாடு பன்னி சவ் (bunny chow). குடைந்த வெள்ளை ரொட்டிக்குள் கறிக்குழம்பு. ‘குவார்ட்டர் மட்டன்’ என்றால் கால் ரொட்டி ஆட்டுக்கறி, ஒருவருக்கு அது போதும். குடைந்தெடுத்த ரொட்டித் துண்டு மேலே மூடியாக இருக்கும். முதலில் அதைத் தொட்டுச் சாப்பிட்டுக் குழம்பைக் குறைத்துவிட்டு, பிறகு ஓரச் சுவரைப் பிய்க்க வேண்டும். அடியிலிருந்து தொடங்கினால் எல்லாம் மடியில். கையால்தான். சைவர்களுக்கு பீன்ஸ் பன்னி உண்டு, ஆனால் கறிக்கடையில் அதே கரண்டி புழங்கும். கண்டிப்பானவர்கள் சைவக் கடையைத் தேடுங்கள்.

கப்பல் பதிவேடு

கிரேவில் என்னும் பகுதியில், டெர்பி ஸ்ட்ரீட்டில் இருக்கும் 1860 பாரம்பரிய மையம் சிறிய இடம்தான். தாத்தா, பாட்டி வழியில் நேட்டால் தொடர்பு இருப்பவர்களுக்கு ஊரிலேயே முக்கியமான இடம் அது. கப்பலில் வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பதிவேட்டில் அந்த எண்ணோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அங்க அடையாளம் வரை இருக்கும். தேடப் போகிறவர்கள் பெயரை மட்டும் கொண்டு போனால் கிடைக்காது. எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் ஒரே முனியம்மா நாலு விதமாக வருவாள். இன்று குடும்பப் பெயராக நிற்கும் கவண்டர் (கவுண்டர்), மூட்லி (முதலி), நாயுடு எல்லாம் பின்னால் நிலைத்தவை, கப்பலேறிய ஆளின் பெயர் வெறும் சின்னசாமி. எண்தான் சாவி. பழைய பிறப்பு, திருமணச் சான்றுகளில் அது இருக்கிறதா என்று வீட்டில் துழாவிவிட்டுப் போங்கள். கப்பல் பெயரோ வந்த ஆண்டோ தெரிந்தாலும் உதவும்.

மையத்திலிருந்து சிறிது தூரத்தில் 1849-இல் தொடங்கிய தாவரவியல் தோட்டம். நுழைவு இலவசம். அங்கே பனை போலத் தோன்றும் சைக்கட் வகை மரம் ஒன்று நிற்கிறது, பெயர் என்செஃபலார்ட்டோஸ் வுடி. காட்டில் ஓர் ஆண் மரம் மட்டுமே 1895-இல் கிடைத்தது, பெண் மரம் இதுவரை கிடைக்கவில்லை. உலகில் இருக்கும் அத்தனையும் அந்த ஒன்றின் கன்றுகள்.

கோயில்கள்

கோயில்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பதால் கார் வேண்டும். பெல்லேர் ரோட்டிலுள்ள உம்பிலோ அம்பலவாணர் ஆலயத்தில் முதலில் கதவுகளைப் பாருங்கள். 1875-இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுப்பிய கோயிலை வெள்ளம் கொண்டுபோனது. மிஞ்சிய அந்தக் கதவுகளை 1940-களில் கட்டிய இப்போதைய கோயிலில் மாட்டியிருக்கிறார்கள். உம்கேனி ரோட்டில் வைத்தியநாத ஈஸ்வரர் ஆலயத்தைச் சேர்த்துக் கோயில்கள் வளாகமாகவே இருக்கின்றன. மவுண்ட் எட்ஜ்கோம்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த கணேசர் கோயில். சுற்றிலும் இருந்த கரும்பெல்லாம் ரிக்‌ஷா கொண்டுவந்த அதே கேம்பல் குடும்பத்துத் தோட்டம். விடுதலையான கூலியின் தலையில் விதித்த மூன்று பவுன் வரியை எதிர்த்து 1913-இல் நடந்த வேலைநிறுத்தத்தில், இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். கடற்கரையில் ரிக்‌ஷா ஏறியவர்கள் இங்கேயும் வந்து பார்ப்பதுதான் நியாயம்.

நடை நாள் முழுக்கத் திறந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். காலையில் போவது உத்தமம், முடிந்தால் முன்பே கேளுங்கள். தைப்பூசக் காவடிக்கும் ஆடிக் கூழுக்கும் வந்தால் திருவிழாவே பார்க்கலாம். தீமிதியும் மாரியம்மன் கூட்டமும் ஈஸ்டரில் வருவது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். தோட்ட முதலாளிகள் விடுமுறை விட்டது அன்றுதான், சாமி அதற்கேற்ப நகர்ந்துகொண்டது. பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் காரில் போக நினைத்தால் விடியுமுன் போங்கள், பிறகு நிறுத்த இடம் இருக்காது.

பூசாரியையும் பெரியவர்களையும் தவிரப் பெரும்பாலானவர்கள் தமிழ் பேச மாட்டார்கள். தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து மனமுருகப் பாடுவார்கள். அதைத் திருத்தப் போகாதீர்கள். ‘வணக்கம்’ எல்லோருக்கும் புரியும். மூத்தவர்களை அங்கிள், ஆண்ட்டி என்று கூப்பிட்டால் உறவாகிவிடுவார்கள், சாப்பிடாமல் அனுப்பமாட்டார்கள்.

இனாண்டா

காந்தி 1904-இல் நிறுவிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு நகரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல், இனாண்டாவில். 1903-இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழை இங்கேதான் அச்சடித்தார்கள், தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. 1985 கலவரத்தில் காந்தியின் வீடு எரிந்தது. இப்போது பார்ப்பது மீண்டும் கட்டி 2000-இல் திறந்தது, பழையது என்று எண்ணிச் சுவரைத் தடவிப் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசின் முதல் தலைவர் ஜான் டூபே நிறுவிய ஓலாங்கே பள்ளி. 1994-இல் மண்டேலா வாழ்நாளின் முதல் வாக்கைப் போட்டது அங்கே. இரண்டையும் சேர்த்து ஒரு காலைப்பொழுதில் முடிக்கலாம். ஊர் தெரிந்த ஓட்டுநரை அமர்த்திக்கொள்ளுங்கள். தனியாகக் காரெடுத்துச் செயலியை நம்பிப் போனால் அது குறுக்குச் சந்துகளில் இறக்கிவிடும்.

சில்லறை விஷயங்கள்

விமான நிலையம் வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். மவுண்ட் எட்ஜ்கோம்பும் உம்ஷ்லாங்காவும் அந்தத் திசையிலேயே இருப்பதால் திரும்பும் நாளுக்கு அவற்றை ஒதுக்கலாம். இருட்டிய பின் நகர் மையத்தில் நடக்க வேண்டாம், இரண்டு தெரு தள்ளி என்றாலும் செயலியில் கார் பிடியுங்கள். தெருவில் கைப்பேசியைக் கையில் பிடித்தபடி வழி பார்க்காதீர்கள், கடைக்குள் நுழைந்து பாருங்கள். ஏடிஎம்மில் உதவ வருபவர் யாராக இருந்தாலும் அட்டையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். சுவரில் இருப்பது பெரிய மூன்று துளைப் பிளக். இந்தியாவில் ஏசிக்குப் போடும் 15 ஆம்பியர் முள் அப்படியே நுழையும், சார்ஜரின் சின்ன முள் நுழையாது. அதற்கான மாற்றுப் பிளக்கை இங்கே எந்தப் பெரிய கடையிலும் வாங்கலாம், விமான நிலையத்தில் மட்டும் வாங்காதீர்கள்.